மலையிலிருந்து இறங்கி வருபவை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும், நம்ம பசங்க ரோபோ, ராக்கெட், செயற்கை நுண்ணறிவு என்று பெரிய பெரிய தலைப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். எனக்கு முழுசாகத் தெரிந்தது ஒரே விஷயம்தான். அது கல்வராயன் மலை. நான் அந்த மலைக்காரன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள்.

கல்வராயன் மலை என்றால் நம் வகுப்பில் மூன்று பதில்தான் வரும். ஒன்று, மேகம் அருவி. இரண்டு, கரியாலூர் படகு சவாரி. மூன்றாவதாக ஒரு சிரிப்பு! அந்தச் சிரிப்பின் அர்த்தம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கீழே நின்று பார்க்கிற அந்த நீலக் கோட்டிலிருந்து உங்கள் ஊருக்கு என்னென்ன இறங்கி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கிழக்குத் தொடர்ச்சி மலை, மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி நீண்ட சுவர் கிடையாது. ஆறுகள் அறுத்து அறுத்துத் துண்டு துண்டாக நிற்கிறது. ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எல்லாம் அப்படிப்பட்ட துண்டுகள். கல்வராயனும் அதில் ஒன்று. பரப்பு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். வடக்கே இருப்பது சின்னக் கல்வராயன், சராசரி உயரம் 2,700 அடி. தெற்கே இருப்பது பெரிய கல்வராயன், சுமார் 4,000 அடி. மேற்குப் பகுதியில் கருமந்துறை போன்ற ஊர்கள் சேலம் மாவட்டத்தில் இருக்கின்றன. நம் பக்கம் முதலில் தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தது, 1993-ல் விழுப்புரம் ஆனது, 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். மலை ஓர் அடி கூட நகரவில்லை. நாங்கள் மட்டும் மூன்று மாவட்டம் பார்த்துவிட்டோம்! இப்போது கல்வராயன்மலை தனித் தாலுகா, வெள்ளிமலை அதன் தலைமையிடம்.

பாறை பெரும்பாலும் சார்னோகைட்டும் நைஸும். சிவில் பசங்களுக்காக ஒரு துணுக்கு: சார்னோகைட் என்ற பெயர் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. கல்கத்தாவில் உள்ள அவருடைய கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியல் அறிஞர் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். ஒருவருடைய கல்லறையிலிருந்து பாறைக்குப் பெயர் எடுத்திருக்கிறார்கள். வைவாவில் கேட்டால் சொல்லுங்கள், மார்க் கிடைக்கும்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறுபவர்கள், மேலே ஒரு உச்சி வரும் என்று காத்திருப்பார்கள். உச்சி வராது. ஏறி முடித்தால் மறுபடியும் ஊர்கள்தான். வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு, மணியார்பாளையம், தொரடிப்பட்டு, கிளாக்காடு என்று மேடும் பள்ளமுமாக ஒரு தனி உலகம். வயல், டீக்கடை, ரேஷன் கடை எல்லாம் உண்டு. காண்டூர் மேப்பில் பார்த்தால் ஓரத்தில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு, நடுவில் விலகி விலகி இருக்கும். அதுதான் பீடபூமி. இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். கேரளாவா என்று கேட்காதீர்கள், தினம் ஒருவர் கேட்கிறார்! மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது எங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பேசுவது தமிழ்தான்.

எங்கள் ஊரில் சமவெளிக்கு வருவதைக் “கீழே போறது” என்போம். “அப்பா எங்கடா?” என்றால் “கீழே போயிருக்காரு”. ஆஸ்பத்திரி, காலேஜ், கோர்ட், சந்தை, கிழங்கு மில் எல்லாமே எங்களுக்குக் கீழேதான்.

கீழே இறங்குவதில் முதலாவது தண்ணீர். மலையின் கிழக்குச் சரிவு ஓடைகள் சேர்ந்து கோமுகி ஆறாகின்றன. 1960-களில் கச்சிராயபாளையத்துக்கு அருகில் கட்டப்பட்ட கோமுகி அணையின் உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. இந்த மில்லியன் கன அடி என்ற கணக்கு பேப்பரில் தினமும் வரும், யாரும் நின்று யோசிப்பதில்லை. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். 560 மில்லியனைப் பெருக்கினால் ஏறக்குறைய 1,585 கோடி லிட்டர்! மழைக்காலத்தில் பாதுகாப்பு கருதி 44 அடி வரைதான் தேக்குவார்கள். சம்பாவுக்குத் திறந்துவிட்டால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து வயல்களுக்குப் போகும். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறதே, அதற்கு வரும் கரும்பிலும் எங்கள் மழை இருக்கிறது.

இன்னொரு பக்கம் மணிமுக்தா ஆறு. அதற்கு ஓர் அணை, 36 அடி. அந்த ஆறுதான் விருத்தாசலம் கோயில் ஓரமாக ஓடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. சேலம் பக்கச் சரிவில் இறங்குவது கரியகோவில் அணைக்கும் வசிஷ்ட நதிக்கும் போய், அதுவும் கடைசியில் வெள்ளாறுதான். பரங்கிப்பேட்டைக்காரர் யாராவது இந்த மலரைப் படித்தால், நாம் ஒரே தண்ணீர்க்காரர்கள்.

மழை எல்லா இடத்திலும்தான் பெய்கிறது, மலைக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு என்று கேட்கலாம். ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் சொன்ன ரன்ஆஃப் கோ-எஃபிஷியன்ட் நினைவிருக்கிறதா? நூறு பங்கு மழை பெய்தால் எத்தனை பங்கு மேலோடு ஓடுகிறது என்ற கணக்கு. சருகு மூடிய காட்டு மண் பஞ்சு மாதிரி. வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடும். மழை நின்று பல வாரம் ஆனாலும் ஓடை சலசலக்கும். அதே சரிவை மொட்டையாக்கிவிட்டால் பெய்த அன்றே மொத்தமும் சேறாக இறங்கிவிடும். அந்தச் சேறு போய் உட்காருவது அணையில். 46 அடி அணையில் அடியில் எத்தனை அடி வண்டல் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பது முடிவாகும். மேலே ஒரு மரம் நிற்பது மேலே இருப்பவனுடைய பிரச்சினை மட்டும் அல்ல.

இரண்டாவது, கடுக்காய். எங்கள் மலைக் கடுக்காய்க்கு நாட்டு மருந்துக் கடைகளில் நல்ல பெயர். நெல்லிக்காய், தான்றிக்காயோடு சேர்ந்தால் திரிபலா. ஆனால் மருந்தை விட அதிகமாக அதைத் தேடியது தோல் தொழில். கடுக்காயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. பச்சைத் தோலில் உள்ள புரதத்தோடு அது பிணைந்துகொண்டு தோலை அழுகாமல் பதப்படுத்தும். பிறகு குரோமியம் உப்பு வந்து அந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. நம் துறைக்கும் கடுக்காய் வேண்டியவன்தான்! பழைய கோயில், அரண்மனைச் சுவர்களின் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றி அரைத்தார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை உறிஞ்சி மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. சிமெண்ட் மாதிரி சில மணி நேரத்து வேலை இல்லை, மாதக் கணக்கு. கடுக்காய்த் தண்ணீர் சாந்தைக் குழைவாக்கி, கொத்தனாருக்குப் பூச நேரம் கொடுக்கிறது. இன்றைக்கும் பழைய கட்டிடங்களைப் புதுப்பிக்கும்போது சிமெண்ட் போடாமல் இதையே செய்கிறார்கள். தை, மாசியில் மேலே வந்தால் வாசலில் பாய் விரித்துக் காய்வதைப் பார்க்கலாம். பொறுக்குவது அனேகமாகப் பெண்களும் பிள்ளைகளும். கூட்டுறவுச் சங்கமும் வாங்கும், வியாபாரிகளும் வாங்குவார்கள். அவசரத்துக்குப் பணம் வேண்டியவர் யாரிடம் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதாக இறங்குவது மனிதர்கள். இதைச் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

விஜயநகர காலத்தில் கிருஷ்ணதேவராயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் உரிமையைக் கொண்டு இந்த மலை ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது. நம் பக்கத்தில் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற பெயர்களில் மூன்று ஜாகீர்கள். வெள்ளைக்காரன் வந்தான், போனான், நாடு 1947-ல் சுதந்திரம் அடைந்தது. ஜாகீர் மட்டும் போகவில்லை. உழுபவனுக்கு நிலம் சொந்தம் இல்லை. வரி கட்டவேண்டும், அது போக ஜாகீர் நிலத்தில் கூலி இல்லாமல் வேலை செய்யவேண்டும். அந்த வேலைக்கு வெட்டி என்று பெயர். நாம் ஹாஸ்டலில் “சும்மா வெட்டியா இருக்கேன் மச்சான்” என்கிறோமே, அதே சொல்தான்! எங்கள் ஆயா இன்றைக்கும் கூலி வராத வேலையை “வெட்டிக்குப் போன மாதிரி” என்றுதான் சொல்லும். அது சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை.

1976-ல்தான் அரசு இந்த ஜாகீர்களைக் கையில் எடுத்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டு. இங்குள்ள மக்களுக்கு வாக்குரிமை 1996-ல்தான் கிடைத்தது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்ற வழக்கில் எடுத்துச் சொல்லப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், நம்ம அப்பா அம்மா காலம்! சுதந்திரம் வந்து ஐம்பது வருடம் ஆகப்போகிற சமயம். அந்த வழக்கை நீதிமன்றம் தானாகவே எடுத்தது. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளி என்று மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றிய வழக்கு அது.

அது ஏன் 2024-ல் வந்தது என்றால், இப்போது அந்தச் சிரிப்புக்கு வருவோம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடனே எல்லா வாயிலும் கல்வராயன் மலை. மலையில் யாரும் சாராயம் காய்ச்சியதே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. காய்ச்சினார்கள், வழக்கும் வாங்கினார்கள். ஆனால் கெமிஸ்ட்ரி படித்த நாம் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறப்போட்டுக் காய்ச்சினால் முக்கியமாக வருவது எத்தனால். கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மெத்தனால். அது ரசாயனத் தொழிற்சாலையில் தயாராவது, பெயிண்ட், சால்வென்ட் வேலைக்கானது. அடுப்பும் பானையும் வைத்து அந்த அளவு மெத்தனாலை யாரும் மலையில் தயாரிக்க முடியாது. டிரம்மில்தான் வரும். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. அதனால்தான் பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போகிறது. செத்தவர்களில் பலர் தினக்கூலிகள், கீழே இருந்த ஏழைகள். மலைக்கும் அவர்களுக்கும் நடுவில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை.

மலையில் வருடம் முழுக்க வேலை இல்லை. மானாவாரி பூமி. சாமை, தினை, கேழ்வரகு அறுத்துவிட்டால் ஆண்கள் கேரளா, கர்நாடகா எஸ்டேட்டுக்கும், கோயம்புத்தூர், திருப்பூருக்கும் போவார்கள். “மரம் வெட்டற வேலை, நல்ல கூலி” என்று ஏஜென்ட் சொல்வதை நம்பிச் செம்மரக் காட்டுக்குப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் 20 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள், மலைவாழ் கூலிகள் பலர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் வேலைக்குக் கூப்பிட்டாலும், “எந்த ஊரு, என்ன வேலை?” என்று ஆயா இரண்டு முறை கேட்காமல் அனுப்பாது.

நான்காவதுதான் எங்கள் வீட்டுச் சோறு. மரவள்ளிக் கிழங்கு!

தென் அமெரிக்காவில் பிறந்த செடி. போர்ச்சுகீசியர் மூலம் கேரளாவுக்கு வந்து, அங்கிருந்து இங்கே பரவியது. இரண்டாம் உலகப் போர் சமயம் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோனபோது, சேலத்துக்காரர்கள் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யப் பழகினார்கள். சேலம், ஆத்தூர், சின்னசேலம் பக்கம் ஆலைகள் பெருகின. தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் மாவைத் தூளியில் போட்டு ஆட்டினால் முத்து முத்தாக உருளும். வறுத்துக் காயவைத்தால் உங்கள் வீட்டுப் பாயசம்.

நட்டுப் பத்து மாதம் காத்திருக்கவேண்டும். பன்றியிடமிருந்து காப்பாற்றவேண்டும். லாரி பிடித்துக் கீழே இறக்கவேண்டும். அப்புறம் விலை. அது எடைக்கு மட்டும் இல்லை, “பாயின்ட்”டுக்கு. கிழங்கில் எத்தனை சதவீதம் மாவுச்சத்து என்பதுதான் பாயின்ட். ஒரு பாயின்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயின்ட் கிழங்கு டன் 8,400 ரூபாய். 24 பாயின்ட் என்றால் 7,200. டன்னுக்கு 1,200 ரூபாய் வித்தியாசம், ஐந்து டன்னுக்கு 6,000. என் செமஸ்டர் செலவே அதற்குள் அடங்கிவிடும்! ஒரு வருடம் அப்பா லோடு இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“என்னப்பா ஆச்சு?”

“பாயின்ட் கம்மியாம்பா.”

“எப்படிப் பார்த்தாங்க?”

“அவங்க மெஷின்ல பார்த்தாங்க. நமக்கென்ன தெரியும்?”

முதல் வருடம் பிசிக்ஸ் லேபில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் செய்தபோதுதான் எனக்கு விளங்கியது, அந்த மெஷினுக்குப் பின்னால் பெரிய மந்திரம் ஏதும் இருக்கவேண்டியதில்லை. மாவுச்சத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. ஆகவே மாவு அதிகமுள்ள கிழங்கு அதே அளவில் கனமாக இருக்கும், தண்ணீருக்குள் அதிக எடை காட்டும். தாய்லாந்து உட்படப் பல நாடுகளில் இதை வைத்தே மாவுச்சத்தைக் கணிக்கிறார்கள். காற்றில் சரியாக 5 கிலோ கிழங்கு எடுத்து, அதையே தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுப்பார்கள். தண்ணீருக்குள் 550 கிராம் காட்டினால், இழந்த எடை 4,450 கிராம். 5,000-ஐ 4,450-ஆல் வகுத்தால் 1.12. அதுதான் அடர்த்தி எண். அடர்த்தி ஏற ஏற பாயின்ட் ஏறும். அட்டவணையில் பார்த்துச் சொல்லிவிடலாம், அவ்வளவுதான்.

இதில் எங்கெங்கே கணக்கு மாறும் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். கிழங்கில் மண் ஒட்டியிருந்தால் மாறும். வலைப்பைக்குள் காற்றுக் குமிழி சிக்கினால் எடை குறைந்து காட்டும். தொட்டியின் சுவரில் கிழங்கு முட்டினாலும் தப்பு. லோடில் எந்த இடத்திலிருந்து சாம்பிள் எடுக்கிறார்கள் என்பது எல்லாவற்றையும் விடப் பெரிது. மேலாக இருக்கும் சின்னக் கிழங்கை மட்டும் எடுத்தால் லோடு முழுவதற்கும் அந்த எண்தான். சர்வேயில் ஒரே ஒரு ரீடிங் எடுத்துவிட்டு லெவல் புக்கை மூடினால் சார் விடுவாரா? பிடுங்கி இரண்டு மூன்று நாள் கிடந்த கிழங்கும் கெட்டுப்போகும். மலையிலிருந்து லாரி கிடைக்கத் தாமதமானால் அந்த நஷ்டமும் விவசாயிக்குத்தான். ரோடு நல்லா இருந்தால் பாயின்ட் ஏறும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் உண்மை.

போன பொங்கல் லீவில் வீட்டில் இதைச் செய்து பார்த்தோம். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம், தக்காளிக்குப் போடும் வலைப்பை, மளிகைக் கடையில் இரவல் வாங்கிய தொங்கு தராசு. நான்கு பேர் நிலத்துக் கிழங்கைக் கழுவி நிறுத்தோம். பெரியப்பா நிலத்துக் கிழங்கு 610 கிராம் காட்டியது, ஓடை ஓரத்துச் சதுப்பு நிலத்துக் கிழங்கு 430 தான். எண்களை எல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறோம். இந்த முறை அப்பா கீழே லோடு இறக்கும்போது நோட்டும் கூடப் போகிறது. மெக்கானிக்கல் நண்பர்கள் யாராவது கையில் எடுத்துப் போகிற மாதிரி மடக்கு ஸ்டாண்டு ஒன்று அடித்துக் கொடுத்தால், இரண்டாம் வருட புராஜெக்ட்டுக்கும் ஆகும். சாம்பிள் கிழங்குக்கு நான் பொறுப்பு.